அணைந்து கிடந்த பிரிட்ஜ்

போன கிழமை இந்தக் குடும்பத்தை நல்ல நிலையில்தான் விட்டுவிட்டு வந்தோம். உவர்மலையில் இருக்கும் அக்கா கமலேஸ்வரியும், திருக்கடலூரில் இருக்கும் தங்கை நிவேதிகாவும், தாயின் செத்தவீட்டில் மூண்ட சண்டைக்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்துவிட்டு, சனிக்கிழமை பின்னேரம் ஒரே வாங்கில் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். அழுதார்கள், சிரித்தார்கள், திரும்பவும் அழுதார்கள்.

அந்தச் சமாதானத்துக்குத் திங்கட்கிழமை காலை வரைக்கும்தான் ஆயுள் இருந்தது. கெடுத்தவன் யார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவனாகச் சொல்லுவான் என்று காத்திருந்தால் தொடரே முடிந்துவிடும். நிவேதிகாவின் புருசன் சசிகரன்தான். திருகோணமலைப் பட்டினத்தில் பியானோவுக்குச் சுருதி சேர்த்துப் பிழைக்கும் ஒரே மனிதன்.

திங்கட்கிழமை காலை நிவேதிகாவின் தொலைபேசி அடித்தபோது அவன் முகத்தில் சவர்க்கார நுரையோடு கண்ணாடிக்கு முன்னால் நின்றான்.

"சொல்லு அக்கா," என்று நிவேதிகா ஆசையாகத்தான் எடுத்தாள். "ஓம் அக்கா... ஓம், நான்தான் கடைசியாப் பூட்டினனான்... என்ன?... எது?"

அவள் கட்டில் விளிம்பில் இருந்துவிட்டாள்.

"என்ன நிவே?"

"அக்காவும் அத்தானும் வெருகல் கோயிலால இப்பதான் வந்தவையாம். பிரிட்ஜ் நிண்டு கிடந்ததாம். சுவிட்ச் நிப்பாட்டிக் கிடந்ததாம். உள்ளுக்க கிடந்தது எல்லாம் அழுகிப் போச்சாம்." தொலைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள். "அம்மான்ர கொழுக்கட்டையும்."

அது சாதாரணக் கொழுக்கட்டை இல்லை. அவர்களுடைய தாய் நல்லம்மா, ஆசுப்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள், மூத்தவளின் குசினியில் நின்று அவித்தது. சம்பூர்க்காரி. பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் வைத்து, மாவின் ஓரத்தை விரல் நுனியால் நெருக்கி நெருக்கி மடிப்பாள். மிஞ்சியதை ஒரு ஐஸ்கிறீம் டப்பாவில் போட்டு மேல்தட்டில் உறைய வைத்தார்கள். பிறகு நல்லம்மா வீட்டுக்குத் திரும்பவே இல்லை. கமலேஸ்வரிக்கு அதைச் சாப்பிடவும் மனம் வரவில்லை, எறியவும் மனம் வரவில்லை. டப்பாவைத் திறந்தால் ஓரங்களில் அம்மாவின் விரல் பட்ட இடம் அப்படியே தெரியும்.

சனிக்கிழமைதான் அதைத் தங்கைக்கு முதன்முதலாக எடுத்துக் காட்டினாள். "வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு ஒரு வருச ஆட்டைத்திவசம். ஐயர் போனாப் பிறகு, திரும்ப அவிச்சு, நீயும் நானுமாச் சாப்பிடுவம்," என்றாள். நிவேதிகா உடைந்து அழுதது அந்த இடத்தில்தான்.

"நான்தான் செய்தனான்," என்றாள் நிவேதிகா இப்போது. "சனிக்கிழமை கோயிலுக்கு வெளிக்கிடேக்க அக்கா சொன்னவ, குசினி வாசல்ல இருக்கிற பிளக்குகளை நிப்பாட்டிப் போட்டுப் பூட்டு எண்டு. வரிசையாக் கிடந்தது. பிரிட்ஜில நான் கை வைக்கேல்ல எண்டுதான் நினைச்சனான். வைச்சிருக்கிறன் போல. வேற ஆர்?"

சசிகரனின் முகத்தில் நுரை காய்ந்து இழுத்தது.

வேறு ஆர் என்று அவனுக்குத் தெரியும். பியானோவில் பெரும்பாலான சுரங்களுக்கு மூன்று மூன்று கம்பிகள். மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாத வரைக்கும் ஒரு மெல்லிய அலை கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த அலை அடங்கும் வரைக்கும் சாவியால் கம்பியை இழுக்க வேண்டும். அதற்கு வீடு சத்தமில்லாமல் இருக்க வேண்டும். காற்றாடி, தண்ணி மோட்டர், சுவர் மணிக்கூடு எல்லாம் நிற்க வேண்டும். எல்லாவற்றிலும் பொல்லாதது பிரிட்ஜ். அது ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு முனகும். அந்த முனகலுக்குள் எந்தக் கம்பி சரி, எந்தக் கம்பி பிழை என்று காதுக்குப் பிடிபடாது. ஆகவே எந்த வீட்டுக்குப் போனாலும் சசிகரனின் முதல் வேலை பிரிட்ஜை நிறுத்துவது.

திரும்பப் போட மறக்காமல் இருப்பதற்கும் ஒரு வழி வைத்திருந்தான். மோட்டார் சைக்கிள் சாவியை அந்தப் பிரிட்ஜுக்குள்ளேயே, முட்டை வைக்கும் தட்டில், போட்டுவிடுவான். வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் சாவி வேண்டும். சாவியை எடுக்கக் கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளே வெளிச்சம் வராது, உடனே ஞாபகம் வந்துவிடும். இத்தனை வருடத்தில் ஒருவர் வீட்டுக் கறியும் இவனால் பழுதாகவில்லை.

சனிக்கிழமை உவர்மலை வீட்டுப் பியானோவுக்கும் சுருதி சேர்க்க வேண்டியிருந்தது. அவர்கள் போனது நிவேதிகாவின் ஸ்கூட்டியில். ஓட்டினவள் அவள். சாவி அவளுடைய கைப்பைக்குள் இருந்தது.

அந்த நிமிடத்திலேயே சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன் என்று சொல்ல எனக்கும் தைரியமில்லை. ஆனால் இவனுடைய முந்தின சாதனைகளை நீங்கள் அறிவீர்கள். நிலாவெளி ஹோட்டல் பியானோவுக்குள் ஈரம் காய வைத்த மின்குமிழ் விருந்தினர் முன்னால் புகைந்ததும், கோயில் ஹார்மோனியத்தைத் திருத்தப் போய் அதன் துருத்தியைக் கிழித்ததும் இவன்தான். ஒவ்வொரு முறையும் வாழைப்பழச் சீப்போடு போய் மன்னிப்புக் கேட்டவள் நிவேதிகா. இனி ஏலாது, இன்னொருக்கா நடந்தால் நீங்களே போய் நில்லுங்கோ என்று போன மாதம்தான் கையெடுத்துக் கும்பிட்டிருந்தாள்.

"அழாத," என்றான் சசிகரன். பக்கத்தில் போய் இருந்து அவள் தலையைத் தடவினான். "ஆருக்கும் நடக்கிறதுதானே."

"உங்களுக்கு என்னில கோவமில்லையே?"

"சீச்சீ. நான் ஏன் கோவிக்கப் போறன்?"

இதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவன் என்னடா என்றால் அவளுடைய தலையில் ஒட்டின நுரையையும் துடைத்துவிட்டான்.

*

உவர்மலை வீட்டின் கேற்றடியிலேயே மணம் வந்துவிட்டது. கமலேஸ்வரியின் புருசன் சிவரூபன் மூக்கில் கைலேஞ்சியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். துறைமுகத்தில் கிளாக்கர் வேலை, இன்றைக்கு லீவு போட்டிருந்தார்.

"அறுக்குளா மீன், தம்பி," என்றார் சசிகரனிடம். "இந்தப் பெரிய துண்டு. வெட்டிக் கழுவித் தூள் போட்டு வைச்சனான். ஒரு துண்டு பொரிச்சுப் பாக்கக் குடுத்து வைக்கேல்ல."

உள்ளே பிரிட்ஜின் கதவு அகலத் திறந்து கிடந்தது. கமலேஸ்வரி தரையை மூன்று தரம் கழுவியிருந்தாலும் நாற்றம் போகவில்லை. அவள் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். மடியில் ஐஸ்கிறீம் டப்பா.

"அக்கா," என்று நிவேதிகா காலடியில் இருந்தாள். "என்னை மன்னி அக்கா. எனக்குத் தெரியாமலே நிப்பாட்டியிருக்கிறன்."

கமலேஸ்வரி டப்பாவைத் திறந்து காட்டினாள். மா கரைந்து, புளித்து, பயறோடு கூழாகிக் கிடந்தது. ஓரமும் இல்லை, மடிப்பும் இல்லை.

"செத்தவீட்டில நீ என்ன சொன்னனீ, ஞாபகமிருக்கா?" என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பரவாயில்லை என்று எல்லாருக்கும் இருந்தது. "அக்கா வேளைக்கு ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா அம்மா இருந்திருப்பா எண்டு சொன்னனீ. சனத்துக்கு முன்னால. நான் கவனமில்லாதவள், நீ கவனமானவள். இந்தா, பார். இதுதான் உன்ர கவனம்."

நிவேதிகா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"மச்சாள்," என்று சசிகரன் ஒரு அடி முன்னால் வைத்தான். "ஒரு விசயம்..."

"நீங்கள் இதுக்க வராதேங்கோ சசி. இது எங்கட அம்மான்ர விசயம்."

வந்த அடியை அவன் பின்னால் எடுத்து வைத்தான். உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்ததே, அதற்காக அவன் வெட்கப்பட்டான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முயற்சி செய்தான்.

"கரன்ட் போயிருக்குமோ தெரியாது."

"நான் பக்கத்து வீட்டில விசாரிச்சனான்," என்றார் சிவரூபன். "போகேல்ல. அதோட, கரன்ட் வந்து சுவிட்சை நிப்பாட்டிப் போட்டுப் போகுமே தம்பி?"

நிவேதிகா எழும்பினாள். அவள் ஆரம்பப் பாடசாலை ரீச்சர், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. அக்கா தேத்தண்ணி குடி என்று சொல்லுவாள் என்று வாசலில் ஒரு கணம் நின்று பார்த்தாள். கமலேஸ்வரி சொல்லவில்லை. ஸ்கூட்டி மலையால் இறங்கும் சத்தம் கேட்டது.

சசிகரனும் சிவரூபனும் வீட்டுக்குப் பின்னால், துறைமுகம் தெரியும் மூலையில் கிடங்கு வெட்டி அறுக்குளாவைப் புதைத்தார்கள். சிவரூபன் மண்ணைத் தட்டிவிட்டு, சகலனின் தோளில் கையைப் போட்டார். நிலாவெளியில் ஏலத்தில் எடுத்து வீட்டில் வைத்திருக்கும் அந்தப் பியானோவில் அவர் இரவில் ஒற்றை விரலால் ஒரு தேவாரத்தின் முதல் வரியைத் தேடிப் பிடிப்பார். இரண்டாம் வரி இன்னும் அகப்படவில்லை.

"எல்லாம் போகட்டும் தம்பி. பியானோ மட்டும் அந்த மாதிரி இருக்குது. வந்த உடன ஒருக்காத் தட்டிப் பாத்தனான். அதில நீங்கள் ஒரு குறை வைக்கேல்ல."

சசிகரனுக்கு அந்தக் கிடங்குக்குள் தானும் இறங்கிப் படுத்தால் நல்லது போல இருந்தது.

*

உட்துறைமுக வீதியில் முனீப்பின் பிரிட்ஜ் திருத்தும் கடை. கதவில்லாத பிரிட்ஜுகளும் பிரிட்ஜில்லாத கதவுகளும் வெளியே வெயில் காயும். சசிகரனும் முனீப்பும் ஒன்றாகப் படித்தவர்கள். முனீப் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"வடிவா விளங்கப்படுத்து மச்சான். நல்ல பிரிட்ஜை நான் வந்து பழுது எண்டு சொல்லணும்?"

"ஓம்."

"பழுதான சாமானை நல்லது எண்டு விக்கிறவன் ஊருக்குள்ள இரிக்கான். நல்லதப் பழுது எண்டு சொன்னவன் எவனும் இல்ல. என்ட பேரு என்னத்துக்கு ஆகும்?"

"ஒரு நாளைக்கு மட்டும். நாளைக்குத் திருத்திப்போட்டன் எண்டு கொண்டு வந்து வை. நிவே பாவம் முனீப். செய்யாத பிழைக்கு அழுகிறாள்."

"செய்தவன் நீ. அப்ப நீ போய் அழு. அதுதானே நியாயம்?"

சசிகரன் ஒரு பிரிட்ஜ் கதவைப் பிடித்தபடி நின்றான். முனீப்புக்கு அவன் நின்ற விதத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"சுவிட்ச் நிப்பாட்டிக் கிடந்ததே. அதுக்கு என்ன செல்ற?"

"கொம்பிரசர் எரிஞ்சா சுவிட்ச் தானா விழும் எண்டு சொல்லன்."

"அப்பிடி உலகத்தில எங்கயும் விழாது."

"சிவரூபன் அண்ணைக்கு அது தெரியாது. தெரியாததைத் தெரியாது எண்டு அவர் சொல்லவும் மாட்டார்."

முனீப் தலையைச் சொறிந்தான். "ஒரு கண்டிஷன். ராவைக்குப் பொண்டாட்டிக்கிட்ட உண்மையச் சொல்லிரணும். இல்லாட்டி நானே ஃபோன் பண்ணிச் சொல்லுவன்."

"சொல்லுவன்," என்றான் சசிகரன். இந்த மாதிரி வேளையில் எல்லாரும் சொல்லுகிற அதே குரலில்.

*

முனீப் நடிக்க வந்தவன் போலத்தான் வந்தான். பிரிட்ஜைத் திருப்பி, பின்பக்கத் தகட்டைக் கழற்றி, டோர்ச் அடித்துப் பார்த்து, மணந்து பார்த்து, கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினான். கழுவிக் காயட்டும் என்று சிவரூபன் காலையிலிருந்து சுவிட்சைப் போடாமல் விட்டிருந்தது அவனுக்கு வசதியாகப் போயிற்று.

"கொம்பிரசர் மவுத்தாப் போச்சு," என்றான். "எரிஞ்ச உடன சுவிட்ச் தானா விழுந்திரிக்கு. இப்ப வாற சுவிட்ச் அப்பிடித்தான்."

"ஓமோம்," என்றார் சிவரூபன் உடனே. "இப்ப வாறது அப்பிடித்தான். நானும் யோசிச்சனான்."

கமலேஸ்வரி கதிரையிலிருந்து எழும்பினாள். "அப்ப நிவேதிகா நிப்பாட்டேல்லையா?"

"ஆரும் நிப்பாட்டல்ல அக்கா."

இந்த இடத்தில் முனீப் வாயை மூடியிருந்தால் இந்த அத்தியாயம் இத்தோடு சுபமாக முடிந்திருக்கும். ஆனால் வேலை நன்றாகப் போகிறது என்று கண்டதும் அவனுக்கு உசார் பிறந்துவிட்டது.

"இது ஒரு நாளில வாற வருத்தமில்ல," என்றான். "கொஞ்சக் காலமாவே சத்தம் வந்திரிக்கணும். ராவில முனகின மாதிரி ஒரு சத்தம். கேக்கல்லியா?"

கமலேஸ்வரி அவனைப் பார்த்தபடி நின்றாள்.

"கேட்டது," என்றாள். "ராவில கேட்கும். நான் கவனிக்கேல்ல."

"அதுதான். அப்பவே பாத்திருந்தா..." என்று தொடங்கிய முனீப், சசிகரனின் முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டான். சிவரூபனையும் கடைப் பெடியனையும் பிடித்து பிரிட்ஜைச் சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு, நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு, போகிற வேகத்தில் போய்விட்டான்.

பிரிட்ஜ் நின்ற இடத்தில் சுவர் வெள்ளையாகத் தெரிந்தது. கமலேஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டு திரும்பவும் கதிரையில் இருந்தாள்.

"அம்மாவும் அப்பிடித்தான்," என்றாள். "ராவில முனகினவ."

"கமலி," என்றார் சிவரூபன். "அதை இப்ப ஏன்..."

"நான் ஆருக்கும் சொல்லேல்ல. அண்டு ராவு அம்மா முனகினது எனக்குக் கேட்டது. எழும்பிப் போய்ப் பாத்தனான். வாய்வாக்கும் எண்டு சொல்லிச் சுடுதண்ணி குடுத்தனான். விடியட்டும் பாப்பம் எண்டு படுத்திட்டன்." அவள் கையை விரித்துப் பார்த்தாள். "விடிய ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போக, எல்லாம் முடிஞ்சு போச்சு. நிவே செத்தவீட்டில சொன்னது சரி. இந்தப் பிரிட்ஜும் எனக்கு முன்னால முனகிச்சுது. அதையும் விட்டிட்டன். நான் அப்பிடித்தான். எனக்கு முன்னால எது முனகினாலும் எனக்கு விளங்காது."

சசிகரன் காலை முதல் பல விதமான பயங்களைப் பட்டிருந்தான். மனைவிக்குப் பயம், சகலனுக்குப் பயம், முனீப்புக்குப் பயம். இப்போது அதெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. நிவேதிகாவின் தலையில் இருந்த பழியை எடுத்து, அதை விடப் பெரிய ஒன்றாக ஆக்கி, இந்த மனுசியின் மடியில் வைத்துவிட்டோம் என்பது மட்டும்தான் தெரிந்தது. அவனுக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது.

"மச்சாள்," என்றான்.

"என்ன சசி?"

"அந்தப் பிரிட்ஜ் வருத்தத்தில முனகேல்ல. நல்ல பிரிட்ஜ் எல்லாம் முனகும். அதுக்கு ஒண்டுமில்லை. முனீப் சொன்னது பொய். சொல்லச் சொன்னது நான்."

சிவரூபன் கைலேஞ்சியை மூக்கிலிருந்து இறக்கினார்.

"பிரிட்ஜை நிப்பாட்டினதும் நான்தான். பியானோ சுருதி சேர்க்கேக்க அந்தச் சத்தம் இடைஞ்சலா இருந்தது, நிப்பாட்டினனான். திரும்பப் போட மறந்து போனன். நிவே தொடவே இல்லை. நீங்களும் ஒண்டும் கவனிக்காமல் விடேல்ல. எல்லாம் நான்."

"அப்ப கொம்பிரசர் நல்லாத்தான் இருக்குதா?" என்றார் சிவரூபன்.

"ஓம் அண்ணை."

"பிறகேன் என்ர பிரிட்ஜ் லொறியில போகுது?" என்று கேட்டபடியே அவர் செருப்பைத் தேடிக்கொண்டு கேற்றுக்கு ஓடினார். 

கமலேஸ்வரி அவர் ஓடியதைக் கவனிக்கவில்லை. சசிகரனை ஏசவும் இல்லை. 

"அப்ப நான் இல்லையே?" என்றாள்.

"இல்லை மச்சாள்."

"உண்மையாவோ? எனக்கு ஆறுதலுக்குச் சொல்லேல்லையே?"

அவள் கேட்பது பிரிட்ஜைப் பற்றி மட்டும் இல்லை என்று அவனுக்கு விளங்கியது. 

"நீ இல்லை அக்கா," என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

நிவேதிகா அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு, இன்னொரு முறை அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வந்திருந்தாள். தோளில் பள்ளிக்கூடப் பை. கமலேஸ்வரி அம்மாவின் முனகலைச் சொல்லத் தொடங்கியபோதே வந்துவிட்டாள். உள்ளே வரக் கால் எழவில்லை. இப்போது சசிகரனைக் கடந்து, அவன் ஒரு கதவோ கதிரையோ என்பது போல அவனைப் பாராமல், அக்காவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அம்மாவிலயும் நீ இல்லை," என்றாள். "டொக்டர் அண்டைக்கே எனக்குச் சொன்னவர். ராவே கொண்டு வந்திருந்தாலும் ஒண்டும் செய்திருக்க ஏலாது எண்டு. இருதயத்தில பெரிய அடைப்பாம். ஆர் பாத்திருந்தாலும் அவ்வளவுதானாம்."

கமலேஸ்வரி மெல்ல நிமிர்ந்தாள். "எப்ப சொன்னவர்?"

"அண்டைக்கு. ஆசுப்பத்திரியில."

"செத்தவீட்டுக்கு முதலா?"

நிவேதிகாவின் கை பையின் வாரை முறுக்கியது. "ஓம் அக்கா. முதல்."

"தெரிஞ்சுகொண்டா அப்பிடிச் சொன்னனீ?"

"ஓம்." அவள் அழவில்லை. அழுதால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று பயந்தவள் போலக் கடகடவென்று சொன்னாள். "கடைசி நேரத்தில அம்மாவோட நீ இருந்தனீ. நான் இருக்கேல்ல. நான் வர எல்லாம் முடிஞ்சு போச்சு. எனக்கு அது தாங்கேல்ல அக்கா. ஆரிலயாவது போடவேணும் போல இருந்தது. உன்னில போட்டன். பிறகு சொல்லுவம் சொல்லுவம் எண்டு வெக்கத்தில விட்டிட்டன். நீ இதைச் சுமந்துகொண்டு இருக்கிறாய் எண்டு சத்தியமா எனக்குத் தெரியாது."

கமலேஸ்வரி தங்கையைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நிவேதிகாவுக்கு நிற்கச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒரு வருசம், நிவே," என்றாள். 

அவ்வளவுதான். எழும்பி, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை. தாழ்ப்பாள் போடும் சத்தம் மட்டும் கேட்டது.

கேற்றடியிலிருந்து சிவரூபன் மூச்சு வாங்க வந்தார். "முனீப் ஃபோன் எடுக்கிறானில்லை. லொறி கிண்ணியாப் பக்கம் திரும்பிட்டுதாம். அவன் என்னத்துக்குக் கிண்ணியாவுக்குப் போறான்?" என்று கேட்டவர், இரண்டு பேருடைய முகத்தையும், சாத்தின கதவையும் பார்த்தார். பிறகு வெளி விறாந்தைக்குப் போய்விட்டார்.

நிவேதிகா அறைக்கதவுக்கு முன்னால் தரையில் இருந்தாள். சசிகரன் கொஞ்சம் தள்ளி நின்றான்.

"நீங்கள் வீட்ட போங்கோ," என்றாள்.

வேறு நாளாக இருந்தால் அவன் அந்த வார்த்தைக்காகவே காத்திருந்திருப்பான். இன்றைக்குப் போகவில்லை. அவளுக்கு எட்டாத தூரத்தில், சுவரோடு சாய்ந்து, அவனும் தரையில் இருந்தான்.

"காலமை என்ர தலையைத் தடவிவிட்டீங்கள்," என்றாள் அவள், கதவைப் பார்த்தபடியே. "பிரிட்ஜை நிப்பாட்டினது எனக்குப் பெரிசில்லை. என்னை அழவிட்டதும் பெரிசில்லை. மன்னிச்சு விட்டீங்கள் பாருங்கோ, அதுதான் எனக்குச் செமிக்குதில்லை."

"ஓம்," என்றான் சசிகரன்.

"ஏசவும் ஏலாமல் இருக்கு. ஏச வாய் எடுத்தா, நான் என்ர அக்காவுக்குச் செய்தது வந்து நிக்குது."

அதற்கு அவன் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நல்ல வேளை. அன்றைக்கு அவன் செய்த புத்தியான காரியங்கள் மிகக் கொஞ்சம், அதில் இது ஒன்று.

உள்ளே கட்டில் அசைந்தது. மூக்கைச் சீறும் சத்தம் கேட்டது. நிவேதிகா கதவில் கையை வைத்தாள், தட்டவில்லை. துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதியது. வெயில் விறாந்தையைத் தாண்டி உள்ளே வந்து அவர்களுடைய கால்களில் விழுந்தது.

வெகு நேரத்துக்குப் பிறகு கமலேஸ்வரியின் குரல் வந்தது. அழுது கரகரத்த குரல். ஆனால் சின்ன வயதிலிருந்து நிவேதிகா கேட்டுப் பழகிய, தங்கைச்சியை வேலை வாங்குகிற அதே அதட்டல் அதில் இருந்தது.

"பள்ளிக்கூடத்தால நேர வந்தனியா? சாப்பிட்டனியா இல்லையா?"

நிவேதிகா வாயைத் திறந்தாள்.  நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினாள்.

சசிகரன்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"இல்லை மச்சாள்," என்றான். "ரெண்டு பேரும் காலமையிலயிருந்து ஒண்டும் சாப்பிடேல்ல."

அன்றைக்கு அவன் சுலபமாகச் சொன்ன முதல் உண்மை அது. உள்ளே கட்டில் திரும்பவும் அசைந்தது. இரண்டு பேரும் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.